ஹெரால்டுக்கு நாலு கதவு: ஸ்டைரீனா, பித்தளையா, 3டி பிரிண்டா?

மெட்ராஸில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு மார்க் 3 காரை மாடலாகச் செய்ய ஆசைப்படுகிறவர், பிரிட்டனில் ஓடிய டிரையம்ஃப் ஹெரால்டின் கிட்டிலிருந்துதான், அதாவது ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்களின் தொகுப்பிலிருந்துதான், தொடங்க வேண்டும். ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1:32 அளவில், அதாவது உண்மையான காரில் 32இல் ஒரு பங்காக, செய்த பழைய கிட் அது. அதில் இருப்பது இரண்டு கதவு கார். இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி வடிவமைத்து 1959இல் வெளிவந்த இந்தக் காரை, 1960களின் தொடக்கத்திலிருந்து ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் மெட்ராஸில் 948 சிசி எஞ்சினோடு தயாரித்தது. குடும்பத்தோடு போகிறவர்களுக்கு இரண்டு கதவு போதவில்லை. அதனால் அந்தப் பத்தாண்டின் இறுதியில் நான்கு கதவுள்ள மார்க் 3 வந்தது. கம்பானியன் என்ற ஐந்து கதவு எஸ்டேட் காரும் வந்தது. இரண்டும் இந்தியாவுக்கென்றே செய்யப்பட்டவை, இங்கிலாந்தில் விற்பனைக்கு வந்ததில்லை.

ஆக, கிட்டை அறுத்து, நிரப்பி, புதுப் பாகங்களைக் கையால் செய்தால்தான் நம்மூர் ஹெரால்டு கிடைக்கும். அந்தப் பாகங்களை எதில் செய்வது என்பதுதான் இங்கே அலசப் போகும் விஷயம். களத்தில் மூன்று வழிகள் இருக்கின்றன: கிட்டின் அதே வகைப் பிளாஸ்டிக்கான ஸ்டைரீன் ஷீட்டை வெட்டி ஒட்டுவது, பித்தளைத் தகட்டிலும் கம்பியிலும் செய்வது, கணினியில் வரைந்து, திரவ ரெசினை ஒளியால் அடுக்கடுக்காக இறுக்கும் 3டி பிரிண்டரில் எடுப்பது. சிலிக்கோன் ரப்பர் அச்சில் வார்ப்பது நாலாவது. ஆனால் அது மற்ற மூன்றில் ஒன்றால் செய்த பாகத்தை நகலெடுக்கும் முறை என்பதால் அதைத் துணையாகத்தான் எண்ணுகிறேன்.

என் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரிண்டர் வீட்டிலேயே இருந்தாலும் உடல் வேலையை ஸ்டைரீனில்தான் செய்ய வேண்டும். ஏனென்றால் நாம் செய்யும் பாகம் பொருந்த வேண்டியது உண்மையான காரில் அல்ல, கையில் இருக்கும் கிட்டில்.

இது சின்ன வித்தியாசம் மாதிரித் தெரியும், ஆனால் எல்லாமே இதில்தான் இருக்கிறது. ஹெரால்டின் முன், பின் சக்கர அச்சுகளுக்கு இடையிலான தூரம் 2324 மி.மீ. அதை 32ஆல் வகுத்தால் 72.6 மி.மீ. மொத்த நீளம் 3886 மி.மீ., மாடலில் 121.4. அகலம் 1524, மாடலில் 47.6. கிட்டை வெர்னியரால் அளந்து பாருங்கள். பழைய அச்சில் வார்த்த கிட் எதுவும் எல்லா இடத்திலும் இந்தக் கணக்குக்கு நிற்காது. மாடலில் 0.3 மி.மீ. பிசகினால் காரில் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். உண்மையான காரின் அளவை வைத்துக் கணினியில் வரைந்த கதவு வரைபடத்துக்குச் சரியாக இருக்கும், கிட்டின் மீது வைத்தால் ஓரத்தில் இடித்துக்கொண்டு நிற்கும். ஸ்டைரீனில் அப்படி இல்லை. வைத்துப் பார்த்து, கொஞ்சம் தேய்த்து, மறுபடி வைத்துப் பார்க்கலாம். பிரிண்ட் ரெடிமேட் சட்டை என்றால், ஸ்டைரீன் ஆளை நிறுத்தி அளவெடுத்துத் தைத்த சட்டை.

கதவு வேலை

மாற்றத்தின் உயிரே கதவுதான். பழைய நீளக் கதவின் கோட்டை மறைத்து, நடுத் தூணை முன்னால் நகர்த்தி, இரண்டு புதுக் கதவுகளின் கோட்டைக் கீற வேண்டும். பக்கவாட்டை முழுதாக அறுத்தெடுத்துவிட்டு 1 மி.மீ. ஸ்டைரீனில் புதுப் பக்கம் செய்து பொருத்துகிறவர்களும் உண்டு. நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். பக்கவாட்டுத் தகடு மேலிருந்து கீழாக மெதுவாக வளைகிறது. அந்த வளைவு கிட்டில் ஏற்கெனவே இருக்கிறது. அதைத் தூக்கி எறிந்துவிட்டு, தட்டையான ஷீட்டில் அதே வளைவை இடமும் வலமும் ஒன்றுபோல வரவைப்பது வீண் பாடு. தகடு அப்படியே இருக்கட்டும், கோடு மட்டும் மாறட்டும்.

பழைய கோட்டை நிரப்பத்தான் பொருள் பற்றிய அறிவு தேவைப்படுகிறது. கைக்கு எட்டும் தூரத்தில் எம்-சீல் இருக்கும், பெவிக்விக் இருக்கும். இரண்டும் நன்றாகப் பிடிக்கும். ஆனால் இறுகியபின் இரண்டுமே பிளாஸ்டிக்கைவிடக் கடினம். உப்புத்தாளால் தேய்க்கும்போது சுற்றியுள்ள ஸ்டைரீன் முதலில் தேய்ந்துபோகும், நிரப்பிய இடம் மட்டும் மெல்லிய மேடாக நிற்கும். பெயின்ட் அடித்தபின் வெளிச்சத்தில் அது பழைய கதவின் கோடாகவே தெரியும். இதற்குச் சிறந்த வழி கிட்டின் ஸ்ப்ரூவையே (பாகங்களைத் தாங்கி வரும் பிளாஸ்டிக் சட்டம்) மெழுகுவத்திச் சூட்டில் இளக்கி மெல்லிய இழையாக இழுத்து, கோட்டுக்குள் வைத்து, தண்ணீர் போன்ற மெல்லிய பிளாஸ்டிக் சிமென்ட்டைத் தொட்டுவிடுவது. இழையும் உடலும் கரைந்து ஒன்றாகிவிடும். அவசரப்படாமல் இரண்டு மூன்று நாள் காயவிட்டுத் தேய்த்தால் தடமே இருக்காது. ஒரே பொருள், ஒரே கடினம். பித்தளையும் பிரிண்டும் இந்த ஒரு விஷயத்தில் போட்டிக்கே வர முடியாது.

புதுக் கோட்டின் இடத்தைப் புகைப்படத்திலிருந்து எடுக்கலாம். பழைய கார் அணிவகுப்புகளில் ஹெரால்டைப் பார்த்தால் தூரமாக நின்று, ஜூம் செய்து, நேர் பக்கவாட்டில் படம் எடுங்கள். அருகிலிருந்து எடுத்த படத்தில் நடுப்பகுதி உப்பித் தெரியும். அச்சு இடைவெளி 72.6 மி.மீ. வருமாறு படத்தைக் காகிதத்தில் அச்சிட்டால், தூண் எங்கே, கைப்பிடி எங்கே என்று ஸ்கேல் வைத்தே படித்துவிடலாம். கிட்டின் இடைவெளி வேறாக இருந்தால் கிட்டின் அளவுக்கே படத்தைச் சுருக்குங்கள் அல்லது பெரிதாக்குங்கள். கிட்தான் எஜமான்.

காரில் கதவு இடுக்கு 5 மி.மீ. என்று வைத்தால் மாடலில் அது 0.16 மி.மீ. தடித்த லேபிள் டேப்பை ஒட்டி அதன் ஓரமாகக் கட்டர் பிளேடின் பின்முனையால் மெதுவாகப் பலமுறை இழுத்தால் அந்த அளவுக்குக் கோடு வரும். நேர்க்கோட்டுக்கு டேப் போதும். மூலைகளில் வளையும் இடத்துக்கு டேப் நிற்காது. அங்கே 0.1 மி.மீ. பித்தளைத் தகட்டில் ஒரு வார்ப்புரு வெட்டி, டபுள் சைடு டேப்பால் ஒட்டி, அதன் ஓரமாகக் கீறுங்கள். ஸ்டைரீனில் வெட்டிய வார்ப்புருவை முனை அரித்துவிடும், பித்தளையை அரிக்காது. இடப்பக்கம் முடிந்ததும் அதையே திருப்பிப் போட்டு வலப்பக்கமும் கீறலாம், இரண்டும் அச்சு அசலாக ஒன்றாக இருக்கும். பாகமாக வராவிட்டாலும் கருவியாகப் பித்தளை இங்கே பெரிய உதவி.

நடுத் தூணுக்கு 2 மி.மீ. அகலப் பட்டை எடுத்தால் காரில் 64 மி.மீ. அதை ஜன்னலின் உள்பக்கமாக ஒட்டி, வெளியே 0.25 மி.மீ. ஷீட்டால் மேல்தோல் போட்டால் கண்ணாடிச் சட்டமும் சேர்ந்தே அமையும்.

இறக்குமதி ஸ்டைரீன் ஷீட் விலை கூடுதல்தான். எவர்கிரீன் போன்ற பிராண்டுகளில் 0.13, 0.25, 0.5, 1 மி.மீ. என்று தடிமன் வாரியாகக் கிடைப்பது பெரிய வசதி. மாற்றாகப் பழைய ஏடிஎம் கார்டைச் சொல்வார்கள். 0.76 மி.மீ. தடிமன், தட்டையாக இருக்கும், வளையாது. உள்ளே மறையும் தரைக்கும் முட்டுக்கும் நல்லது. ஆனால் அது பெரும்பாலும் பிவிசி. ஸ்டைரீன் சிமென்ட்டில் சரியாகக் கரைந்து ஒட்டாது, சூப்பர் க்ளூதான் வேண்டும். அதனால் வெளிப்பக்கத்தில் வேண்டாம். விளம்பரப் பலகைக்குப் பயன்படும் நுரைப் பிளாஸ்டிக் அட்டையான சன்போர்டு இன்னும் மோசம். வெட்டிய ஓரத்தில் நுரைத் துளைகள் தெரியும்.

பிரிண்ட் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது

முழு உடலையே வரைந்து பிரிண்ட் எடுக்கிறவருக்குக் கிட்டோடு பொருத்தும் பிரச்சினையே இல்லை. ஒருமுறை வரைந்துவிட்டால் 1:24இலும் 1:43இலும் எடுக்கலாம், நண்பர்களுக்கும் கொடுக்கலாம். கம்பானியன் எஸ்டேட்டைச் செய்ய நினைத்தால் நானும் இந்தப் பக்கம்தான் சாய்வேன். பின்பாதி முழுவதும் மாறுகிறது, கிட்டில் காப்பாற்ற அங்கே பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் நான்கு கதவு செடானுக்கு அது தேவையில்லாத சுற்று. வளைந்த உடலைக் கணினியில் வரையப் போகும் மாலைகளில் இரண்டு பக்கக் கதவையும் கையால் முடித்துவிடலாம்.

பாதி வழி, அதாவது கதவை மட்டும் பிரிண்ட் எடுத்துக் கிட்டில் பதிப்பது, எனக்குப் பிடிக்காத வழி. மெல்லிய தட்டைப் பாகம் புற ஊதா ஒளியில் இறுகும்போது லேசாக முறுக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் சிமென்ட் பிடிக்காது. ஓரத்தில் சூப்பர் க்ளூவும் புட்டியும் போட வேண்டும், உடனே அந்தக் கடினம் மென்மைச் சிக்கல் திரும்ப வந்துவிடும்.

பிரிண்ட் அசைக்க முடியாமல் ஜெயிக்கிற இடம் சின்ன, சிற்பம் போன்ற பாகங்கள். கதவுக் கைப்பிடி மாடலில் 4 மி.மீ. நீளம்கூட வராது. அதன் வளைவையும் பொத்தானையும் ஸ்டைரீனில் ஒருமுறை செதுக்கிவிடலாம், நாலும் ஒன்றுபோல வரச் செதுக்குவது கஷ்டம். ஸ்டியரிங் சக்கரம், டாஷ்போர்டு மீட்டர், பின் விளக்கு உறை, சக்கர மூடி எல்லாம் இதே வகை. வீட்டு ரெசின் பிரிண்டரில் ஒரு அடுக்கு 0.05 மி.மீ., அதாவது காரில் 1.6 மி.மீ. அந்த அளவில் அடுக்குத் தடம் ஒரு பிரைமரில் மறைந்துபோகும். இவை உடலின் மேல் உட்காருகிற பாகங்கள், உடலுக்குள் பதிகிறவை அல்ல என்பதால் கிட்டின் பிசகும் இவற்றைத் தொடாது. சென்னை வெயிலில் இன்னொரு லாபம்: ரெசின் இளகி நன்றாக ஓடும். குளிர்நாடுகளில் தொட்டியைச் சூடாக்க வேண்டியிருக்கிறது.

பிரிண்டர் இல்லாதவருக்கு வார்ப்பு முறை உண்டு. 13 அங்குலச் சக்கரம் மாடலில் 10.3 மி.மீ. ஸ்டைரீன் வட்டங்களை அடுக்கி ஒரே ஒரு சக்கர மூடி செய்து, சிலிக்கோனில் அச்செடுத்து நாலாக வார்த்துக்கொள்ளலாம். பாலியூரிதேன் ரெசினுக்கு ஈரம் ஆகாது. மழைக்காலத்தில் வார்த்தால் நுரைத்துக் குமிழி விடும். டப்பாவைத் திறந்தால் உடனே மூடிவிட வேண்டும்.

கம்பியும் தகடும்

வைப்பரை வேறு எதிலும் செய்யாதீர்கள், உலோகத்தில் மட்டும் செய்யுங்கள். கிட்டாரின் மிக மெல்லிய கம்பி 0.25 மி.மீ., காரில் 8 மி.மீ. வைப்பர் கைக்கு அருகில் வரும் அளவு. ஸ்டைரீன் இழை அந்த மெலிவில் வளைந்துவிடும், பிரிண்ட் ஒடிந்துவிடும். எஞ்சின் ஒயருக்கு வீட்டு மின்சார ஒயரை உரித்தால் 0.2, 0.3 மி.மீ. செப்பு இழைகள் கிடைக்கும், அதற்கென்று தனியாக எதுவும் வாங்க வேண்டாம். ஹெரால்டின் பானட் மூக்கோடு சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும், திறந்தால் எஞ்சினும் முன் சஸ்பென்ஷனும் மொத்தமாகத் தெரியும். அதைத் திறந்து காட்டும் எண்ணம் இருந்தால் செப்பு இழை நிறைய வேண்டும்.

கிரில்லில்தான் மூன்று பொருளும் நேருக்கு நேர் மோதுகின்றன. பட்டையாக வெட்டிய ஸ்டைரீனில் கிடைக்கோடுகள் அடுக்கினால் பார்வைக்குப் போதும், ஆனால் கொஞ்சம் தடிப்பாகவே நிற்கும். பிரிண்டில் 0.2 மி.மீ.க்குக் கீழே கம்பி போனால் கழுவும்போதே உடையும். பித்தளையை அமிலத்தில் அரித்து எடுத்தால் அதைவிட மெலிதாகவும் உறுதியாகவும் வரும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் சர்க்யூட் போர்டு செய்ய விற்கும் ஃபெரிக் குளோரைடே இதற்குப் போதும். லேசர் பிரிண்டில் எடுத்த வடிவத்தை இஸ்திரிப்பெட்டியால் தகட்டில் பதித்துக் கரைசலில் விட வேண்டும். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம், கரைசலைச் சிங்க்கில் கொட்டக் கூடாது. ஒரு கிரில்லுக்காக இத்தனை ஏற்பாடா என்றால், ஆமாம், செய்யலாம் என்றே சொல்வேன். காரின் முகம் அது, பார்க்கிறவர் கண் முதலில் அங்கேதான் போகும்.

பக்கவாட்டு மின்னும் பட்டைக்குச் சமையலறை அலுமினியத் தாள் போதும். 11 மைக்ரான் அளவில் இருக்கும், காரில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. மெலிவில் நம் மூன்று முறைகளில் எதுவும் அதை மிஞ்சாது. ஹெட்லைட் கண்ணாடிக்கு மாத்திரை அட்டையின் தெளிவான குமிழ். 7 அங்குல விளக்கு மாடலில் 5.6 மி.மீ. பொருத்தமான குமிழ் கிடைக்கும்வரை மருந்துப் பெட்டியைத் தேடினால் சரி.

உடல்நலத்தையும் கணக்கில் சேருங்கள். மூன்றில் ஆபத்து குறைந்தது ஸ்டைரீன், ஜன்னலைத் திறந்துவைத்தால் போதும். இறுகாத ரெசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும். கழுவுகிற ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தீப்பிடிக்கும். குழந்தைகள் நடமாடும் ஒற்றை அறை வீட்டில் பிரிண்டர் வைக்க நான் சம்மதிக்க மாட்டேன். சக்கர மூடியும் கைப்பிடியும் மட்டும் வேண்டுமென்றால் வரைபடத்தைக் கொடுத்து வெளியே எடுத்துக்கொள்ளலாம்.

எல்லாம் ஒட்டியபின், நிறம் அடிக்குமுன் சாம்பல் பிரைமர் ஒரு கை அடியுங்கள். பித்தளை இருக்கும் இடத்தில் உலோகத்துக்கான பிரைமர் முதலில் போக வேண்டும், இல்லாவிட்டால் பெயின்ட் உரியும். டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்துப் பழைய கதவுக் கோடு எங்காவது எட்டிப்பார்க்கிறதா என்று தேடுங்கள். தெரிந்தால் மறுபடி ஸ்ப்ரூ இழை, மறுபடி உப்புத்தாள். நம்பர் பிளேட்டுக்கு மட்டும் எந்த முறையும் வேண்டாம். கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து, எம்மில் தொடங்கும் மெட்ராஸ் பதிவெண், லேசர் பிரிண்ட் எடுத்து 0.13 மி.மீ. ஸ்டைரீன் துண்டில் ஒட்டினால் முடிந்தது.