ஆர்க்யூவபிள், டிபேட்டபிள், மூட்: எதை எங்கே எழுதுவது?

‘ஆர்க்யூ’ என்னும் ஆங்கிலச் சொல் வினையாக நிற்கும்வரை நமக்கு அதனால் பெரிய தொல்லை இல்லை. கடைக்காரரோடு விலைக்காக மல்லுக்கு நிற்பதும், வழக்குரைஞர் நீதிமன்றத்தில் வாதாடுவதும், ஆய்வாளர் ஒரு கருத்தைக் காரணம் காட்டி நிறுவ முயல்வதும் அந்த ஒரே சொல்லில் அடங்கும். எது எதைக் குறிக்கிறது என்பதை இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். அச்சொல்லிலிருந்து பிறந்த பெயரடையும் வினையடையும், அவற்றுக்குப் போட்டியாக வரும் சொற்களுமே மொழிபெயர்ப்பாளரை இடறிவிடுகின்றன.

கிரிக்கெட் செய்திகளில் அடிக்கடி வரும் ‘ஆர்க்யூவபிளி த கிரேட்டஸ்ட் பேட்ஸ்மேன்’ என்ற தொடரை எடுத்துக்கொள்வோம். இதை ‘விவாதத்துக்குரிய வகையில் மிகச் சிறந்த மட்டையாளர்’ என்று பெயர்த்தால், பாராட்ட வந்தவர் குறை சொன்னதாகிவிடும். ‘அப்படி வாதிட்டு நிலைநாட்ட முடியும்’ என்பதே ஆங்கிலத்தின் கருத்து. எழுதுபவர் ‘ஆம்’ என்ற பக்கமே சாய்ந்திருக்கிறார், மறுப்பவருக்குக் கொஞ்சம் இடமும் விட்டுவைக்கிறார். ‘மிகச் சிறந்த மட்டையாளர் என்றே சொல்லலாம்’ என்று எழுதினால் இந்த இரண்டும் கிடைத்துவிடுகின்றன. ‘விவாதத்துக்குரியது’ என்பது ‘டிபேட்டபிள்’ என்ற சொல்லுக்குத்தான் பொருந்தும். ஒருவர் சொன்னதைக் கேட்டு ‘தட்ஸ் டிபேட்டபிள்’ என்று ஓர் ஆங்கிலேயர் பதில் சொன்னால், தமக்கு அதில் உடன்பாடில்லை என்பதை அவர் நாகரிகமாகத் தெரிவிக்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

இவ்விரண்டுக்கும் நடுவே ‘ஆர்க்யூவபிள்’ என்ற பெயரடை இரு பக்கமும் ஆடுகிறது. பேச்சில் அது ஐயத்தைக் குறிக்கலாம். ஆனால் இங்கிலாந்து நீதிமன்றங்களில், அரசு முடிவுகளை எதிர்த்து வரும் மனுக்களை விசாரணைக்கு ஏற்பதா என்று பார்க்கும் கட்டத்தில், ‘ஆர்க்யூவபிள் கேஸ்’ என்றால் வெற்றிபெற மெய்யான வாய்ப்புள்ள வழக்கு என்று பொருள். சட்ட ஆவணத்தைத் தமிழாக்கும்போது இதைச் ‘சர்ச்சைக்குரிய வழக்கு’ என்று எழுதுவது பிழை.

‘டிஸ்பியூட்’ இவற்றைப்போல வழுக்குவதில்லை. இரு தரப்பார் எதிரெதிராக நிற்கிறார்கள் என்பதை மட்டுமே அது சொல்கிறது. 1947ஆம் ஆண்டின் ‘இண்டஸ்ட்ரியல் டிஸ்பியூட்ஸ்’ சட்டத்தால் பழகிப்போன ‘தொழில் தாவா’வும், 1990இல் அமைந்த காவிரி நடுவர் மன்றத்தின் ஆங்கிலப் பெயரில் உள்ள ‘டிஸ்பியூட்ஸ்’ என்ற சொல்லும் அந்தப் பொருளில் வந்தவையே.

மிகவும் எச்சரிக்கையாகக் கையாள வேண்டியது ‘மூட்’. பழைய ஆங்கிலத்தில் கூட்டத்தைக் குறித்த இச்சொல், பின்னர் லண்டனின் சட்டப் பயிற்சி விடுதிகளில் மாணவர்கள் கற்பனை வழக்குகளை வாதாடிப் பழகிய முறைக்குப் பெயராயிற்று. நம் சட்டக் கல்லூரிகளின் ‘மூட் கோர்ட்’ அந்த மரபில் வந்ததுதான். ‘மூட் பாயின்ட்’ என்றால் பிரிட்டனில் பொதுவாக இன்னும் முடிவாகாத கேள்வி. அமெரிக்காவிலோ, இனி முடிவு சொல்லிப் பயனில்லாத கேள்வி. கற்பனை வழக்கில் வரும் தீர்ப்பால் யாருக்கும் எதுவும் ஆவதில்லை என்பதிலிருந்தே இந்த இரண்டாம் பொருள் கிளைத்தது. 1974இல் டிஃபூனிஸ் எதிர் ஓடிகார்ட் வழக்கில், சட்டக் கல்லூரியில் இடம் கேட்டு வழக்காடிய மாணவர் அதற்குள் படிப்பின் இறுதிக் கட்டத்துக்கே வந்துவிட்டதால், வழக்கு ‘மூட்’ ஆகிவிட்டது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லாமல் முடித்துவைத்தது. இத்தகைய நிலையை இந்திய நீதிமன்றங்கள் வழக்கமாக ‘இன்ஃப்ரக்சுவஸ்’ என்று குறிப்பிடும்.

ஆகவே ஆங்கிலத்தில் எழுதும் இந்தியர், முடிவாகாத கேள்விக்கு ‘ஓப்பன் கொஸ்டின்’ என்றும், பயனற்றுப்போன வழக்குக்கு ‘இன்ஃப்ரக்சுவஸ்’ என்றும் எழுதுவதே நல்லது. ‘மூட்’ என்ற சொல்லை மாணவர்களின் பயிற்சி நீதிமன்றத்துக்கு விட்டுவிடலாம்.