தார் போடுவதா, கிராவலையே சீர்செய்வதா? எங்கள் பொதுப் பாதைக்கு வந்த ரோலர் குழுவின் வேலை

அழகர்கோவில் சாலையில் அப்பன்திருப்பதியைத் தாண்டி, மாந்தோப்புகளுக்கு நடுவே பிரியும் 600 அடி நீளக் கிராவல் பாதையில் நாங்கள் ஏழு குடும்பங்கள் வசிக்கிறோம். பாதை யாருக்கும் தனிச் சொந்தமில்லை. ஏழு பத்திரங்களிலும் வண்டி வாகனங்கள் சென்றுவரும் பாத்தியம் மட்டும் எழுதப்பட்டிருக்கிறது. ஊராட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்கப்படாத பாதை என்பதால், அதற்கு ஒரு கூடை மண் கொட்டுவதானாலும் செலவு எங்களுடையதே. ஒவ்வோர் ஐப்பசியிலும் கார் சக்கரம் சேற்றில் புதையும்போது ‘இந்த வருஷம் தார் போட்டே தீர வேண்டும்’ என்று பேச்சு எழும். மாசியில் தரை காய்ந்ததும் பேச்சும் காய்ந்துவிடும்.

சென்ற ஆனியில் ஒருவழியாக நான்கு பேரிடம் விலை கேட்டோம். பன்னிரண்டு அடி அகலத்துக்கு 80 மில்லிமீட்டர் பேவர் பிளாக் பதிக்க ஆறு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார் ஒருவர். ஐந்து அங்குலக் கனத்தில் கான்கிரீட் போடுவதற்கும் ஏறத்தாழ அதே தொகைதான் வந்தது. தார் வேலைக்குக் குறைந்த விலை சொன்னவர், 7,200 சதுர அடி என்ற சிறு வேலைக்குக் கலவை ஆலையிலிருந்து சூடு குறையாமல் தார்க் கலவை வந்து சேருமா என்ற கேள்விக்கு நேரான பதில் சொல்லவில்லை. நான்காவதாக வந்த, மேலூர்ப் பக்கத்துச் சிறு ஒப்பந்தக் குழு ஒன்றின் மேஸ்திரி மட்டும் விலை சொல்வதற்கு முன் பாதையை இரண்டு முறை நடந்து பார்த்துவிட்டு, “சார், இது ரோடு கெட்ட கேஸ் இல்லை, தண்ணி கெடுத்த கேஸ்” என்றார். இங்கே எழுதப்போவது அந்தக் குழுவின் வேலையைப் பற்றித்தான். குறைகளையும் சொல்லப்போவதால் பெயரை விட்டுவிடுகிறேன்.

அவர் சொன்னதன் சாரம் இதுதான். மலையடிவாரத்திலிருந்து இறங்கும் மழைநீர் எங்கள் பாதையையே வாய்க்காலாக்கிக்கொண்டு கண்மாயை நோக்கி ஓடுகிறது. பல ஆண்டுகள் வண்டி ஓடியதில் பாதையின் நடுப்பகுதி அமிழ்ந்து, ஓரங்கள் வரப்புபோல உயர்ந்துவிட்டன. நீரை வெளியேற்றாமல் அதன்மேல் தார் போட்டால், தாருக்கு நீரைவிடப் பெரிய பகை இல்லை என்பதால் இரண்டு மழைக்காலத்தில் பெயர்ந்துவிடும். பேவர் பிளாக் பதித்தால், ஓரக்கல் உறுதியாக இல்லாத இடங்களில் அடிமணல் கரைந்து கற்கள் விலகும். கான்கிரீட் தாங்கலாம். ஆனால் காலியாக இருக்கும் இரண்டு மனைகளிலும் வீடு எழும்பும்போது செங்கல், ஜல்லி ஏற்றிய டிப்பர்கள் அதன்மேல்தான் வர வேண்டும். அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை நடத்திய சாலைச் சோதனையில், அச்சில் ஏறும் பாரம் இரு மடங்கானால் சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழப் பதினாறு மடங்காகிறது என்று கண்டார்கள். வீட்டுக் கார்கள் பத்தாண்டு ஓடிச் செய்யாத சேதத்தை டிப்பர்கள் ஒரு வீடு கட்டி முடிவதற்குள் செய்துவிடும் என்று மேஸ்திரி தம் அனுபவத்தில் சொன்னதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

எனவே ஏறக்குறைய 1,80,000 ரூபாயில் கிராவலையே முறையாக அமைத்துத் தருவதாகப் பேசி முடித்து, ஆடியில் வேலையைத் தொடங்கினார்கள். முதல் நாள் ஜே.சி.பி. ஓரத்து வரப்புகளை வழித்தெடுத்து, மேட்டுப் பக்கமாக ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் பறித்தது. பழைய தரையை நான்கு அங்குலம் கிளறிவிட்ட பிறகுதான் புதிய சரக்கைக் கொட்டினார்கள். கிளறாமல் கொட்டியிருந்தால் புதிய அடுக்கு பழையதோடு ஒட்டாமல் தனித் தகடாக நின்றிருக்கும். கிரஷரிலிருந்து வந்த வெட் மிக்ஸோடு (ஜல்லியும் கல்தூளும் நீர் சேர்த்துக் கலந்த சரக்கு) நான்குக்கு ஒன்று என்ற அளவில் செம்மண் கிராவலைக் கலந்தார்கள். தார் மேலே வரும் சாலைக்கு வெட் மிக்ஸ் மட்டும் போதும். வெயிலிலும் மழையிலும் திறந்து கிடக்கும் பாதைக்கு ஜல்லியைப் பிடித்து நிறுத்தச் சிறிது களிமண் வேண்டும்.

இந்த வேலையில் நான் நின்று பார்த்து வியந்த இடம் ஒன்று உண்டு. ரோலரை ஓட்டுவதற்கு முன் மேஸ்திரி குனிந்து ஒரு பிடி கலவையை அள்ளி, கொழுக்கட்டை பிடிப்பதுபோல் அழுத்தினார். விரல்களை விரித்தபோது அது உதிர்ந்துவிட்டது. தண்ணீர் லாரிக்காரரை இன்னொரு சுற்று வரச் சொன்னார். அடுத்த பிடியில் உருண்டை நின்றது, உள்ளங்கையில் ஈரம் மட்டும் படிந்தது, நீர் கசியவில்லை. அதன் பிறகுதான் ரோலருக்குக் கைகாட்டினார். வாட்டத்தையும் அவர் கண்ணளவில் விடவில்லை. டியூப் லெவலும் (நீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) நூலும் பிடித்து, ஓரத்தைவிட நடுப்பகுதி மூன்று அங்குலம் தூக்கலாக இருக்கிறதா என்று இருபது அடிக்கு ஒருமுறை பார்த்தார். ஆறடி அரை அகலத்துக்கு மூன்று அங்குலம் என்பது நூற்றுக்கு நான்கு வீத வாட்டம். தார்ச் சாலைக்கு இது அதிகம், ஆனால் கிராவலில் இதைவிடக் குறைத்தால் நீர் தேங்கிக் குழி விழும்.

இனிக் குறைகள். கடைசி நூறு அடிக்கு வந்தபோது செம்மண் கிராவல் தீர்ந்துவிட்டது. இன்னொரு லோடு வரவழைக்காமல் வெறும் வெட் மிக்ஸைப் பரப்பி, “ஓட ஓடச் செட்டாகிவிடும்” என்றார்கள். செட்டாகவில்லை. ஒரே மாதத்தில் ஜல்லி பெயர்ந்து உருள ஆரம்பித்தது. இரு சக்கர வண்டியில் பள்ளிக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் இருவர் அங்கே இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள். எட்டு முறை போனில் அழைத்த பிறகு மூன்று வாரம் கழித்து வந்து சரிசெய்தார்கள்; கூடுதல் பணம் கேட்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

இரண்டாவது குறை இதைவிடப் பெரியது. வாய்க்கால் நீர் பாதையைக் குறுக்காகக் கடக்குமிடத்தில் ஓரடி விட்டமுள்ள ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்) வைப்பதாகப் பேசியிருந்தோம். அவர்கள் கையில் இருந்த ஆறு அங்குல பி.வி.சி. குழாயைப் பதித்து மூடிவிட்டார்கள். மாந்தோப்புக்கு நடுவே ஆறு அங்குலக் குழாய் என்றால் ஐப்பசி முதல் மழையில் என்ன நடக்கும் என்பது தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். சருகு அடைத்து, நீர் மேலேறி, பத்தடி நீளத்துக்குப் புதிய பாதையை அரித்துக்கொண்டு போய்விட்டது. பேச்சில் இருந்த அளவு ரசீதில் எழுதப்படவில்லை என்பது எங்கள் தவறு. எழுதாததைச் செய்யாமல் விட்டது அவர்கள் தவறு. செலவைப் பாதிப் பாதி என்று முடித்து ஹியூம் பைப்பை மாற்றினோம்.

அந்தப் பத்தடியைத் தவிர, மற்ற 590 அடியும் மழைக்காலம் முழுவதும் நின்றது. இப்போது தை பிறந்துவிட்டது. நடுவில் எங்கும் நீர் தேங்கிய தடமில்லை. நுழைவாயில் அருகிலுள்ள ஏற்றத்தில் மட்டும் கார்கள் முதல் கியரில் உந்தி ஏறுவதால் மேல்பரப்பு அலை அலையாகியிருக்கிறது. செங்குத்தான இடத்தில் கிராவல் நிற்காது என்று மேஸ்திரி முன்பே சொல்லியிருந்தார்.

தீராமல் இருப்பது புழுதி. நீருக்குச் செய்த வைத்தியம் புழுதிக்குப் பலிக்கவில்லை. முதல் வீட்டு அம்மாவின் வாசலைத்தான் எல்லா வண்டிகளும் கடக்கின்றன. கோலம் போட்ட அரை மணி நேரத்தில் அதன்மேல் செந்தூள் படிந்துவிடுகிறது. செலவைப் பங்கிட உட்கார்ந்தபோது, பாதையை அதிக தூரம் பயன்படுத்துபவர் அதிகம் தர வேண்டும் என்று கணக்குப் போட்டு, அவருக்கு மிகக் குறைந்த பங்கை ஒதுக்கி, நியாயமாக நடந்துகொண்டதாக நினைத்துக்கொண்டிருந்தோம். அவர் கேட்டார்: “ஏம்ப்பா, ரோடு உங்க எல்லாருக்கும், புழுதி எனக்கு மட்டுமா?” அடிக்கணக்கில் பங்கு பிரித்த எங்களில் யாருக்கும் உடனே பதில் வரவில்லை.

ஆகவே பங்குனிக்குள் நுழைவாயில் ஏற்றம் 80 அடி, அதை ஒட்டி முதல் வீட்டு வாசலைக் கடக்கும்வரை இன்னொரு 60 அடி, ஆக 140 அடிக்கு மட்டும் ஆறு அங்குலக் கான்கிரீட் போடுவதென்றும், அந்தச் செலவை ஏழு வீடும் சமமாக ஏற்பதென்றும் தீர்மானித்திருக்கிறோம். சித்திரையில் அழகர் மதுரைக்கு இறங்கும் நாட்களில் இந்தச் சாலையில் டிப்பருக்கு வழி கிடைக்காது என்பதால் அதற்கு முன்பே முடித்தாக வேண்டும். மீதி 460 அடி, காலி மனைகளில் வீடு கட்டி முடியும்வரை கிராவலாகவே இருக்கும்.

இந்தக் குழுவுக்கு ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். கான்கிரீட் வேலைக்கும் அவர்களையே அழைத்திருக்கிறோம். இந்த முறை கனம், கம்பி, கண்டபடி விரிசல் விடாமலிருக்கப் பதினைந்து அடிக்கு ஒரு வெட்டு, ஈரச் சாக்கு போட்டு நீர் காட்ட வேண்டிய நாட்கள், குழாயின் விட்டம் எல்லாம் எழுதி, மேஸ்திரியின் கையெழுத்தை வாங்கி, முதல் வீட்டு அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிறோம்.