மறுமுனையில் யார் இருக்கிறார்கள்? துயர்நேர உதவி எண்கள் குறித்து ஒரு மதிப்பீடு

போனை எடுத்தார்களா, எடுத்தவர் இனிமையாகப் பேசினாரா என்பதை வைத்தே உளநல உதவி எண்களுக்குப் பலரும் மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். உண்மையில் அந்தச் சேவையின் தரம் தெரிவது அழைப்பின் கடைசிப் பத்து நிமிடத்தில்தான். போனை வைக்கும்போது, விடியும்வரை என்ன செய்வது, யாரிடம் பேசுவது என்று அழைத்தவருக்குத் தெரிந்திருந்தால் அது நல்ல சேவை. மனசு லேசானதோடு முடிந்துபோனால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

தற்கொலை எண்ணம் வந்தவர்கள் மட்டும்தான் இந்த எண்களை அழைக்க வேண்டும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது தவறு. வேலை போனவர், துணையை இழந்தவர், கடனில் மாட்டியவர், நோயாளியைப் பார்த்துப் பார்த்து ஓய்ந்துபோனவர், பேச ஆளில்லாதவர் என எல்லாருக்கும் உரியது இது. கடன் அடைபடாது, போன வேலை திரும்பாது. ஆனால் அந்த இரவைத் தனியாகக் கடக்க வேண்டியதில்லை. இதைப் புரிந்துகொண்டு அழைப்பவர்களுக்கு ஏமாற்றம் குறைவு.

முதலில் பெரும்பாலும் பதிவுசெய்த குரல்தான் வரும். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும், பிறகு காத்திருக்க வைக்கும். ஆள் எடுத்த பிறகு பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் பெரும்பாலான சேவைகளில் இல்லை. வயது, ஊர் போன்றவற்றைக் கணக்குக்காகக் கேட்பார்கள்; சொல்ல விருப்பமில்லை என்றால் வற்புறுத்தக் கூடாது. என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்கவும் தேவையில்லை. "எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியல" என்ற ஒரு வாக்கியம் போதும், பயிற்சி பெற்றவர் அங்கிருந்து எடுத்துக்கொள்வார். அழுகையில் பேச்சே வரவில்லை என்றால், "நான் இங்கேதான் இருக்கேன், மெதுவா சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பார். அந்த மௌனத்தைப் பொறுக்க முடியாமல், இடைவிடாமல் கேள்வி கேட்பவரும் இணைப்பைத் துண்டிப்பவரும் இன்னும் பழகவில்லை என்று அர்த்தம்.

இந்தச் சேவை பிறந்த விதமே அதன் பலத்தைச் சொல்கிறது. 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், உயிரை விட நினைப்பவர்கள் பேசுவதற்கென்று ஒரு தொலைபேசி எண்ணை அறிவித்தார். ஆலோசனை சொல்லப்போவது அவர். தொண்டர்களின் வேலை, வந்தவர்கள் காத்திருக்கும்போது தேநீர் கொடுத்து உடன் உட்கார்ந்திருப்பது. ஆனால் அந்தத் தொண்டர்களிடம் மனம்விட்டுப் பேசியதிலேயே பலருக்குப் பாரம் குறைந்துவிட, பாதிரியாரைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லாமல் போனது. அடுத்த ஆண்டே அந்தப் பொறுப்பைத் தொண்டர்களிடம் ஒப்படைத்தார். சமாரிட்டன்ஸ் அமைப்பு உருவானது இப்படித்தான். பட்டம் பெற்ற ஆலோசகர் எடுத்தால்தான் பேசுவேன் என்று காத்திருப்பவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் நல்ல மனசு இருந்தால் போதுமா? போதாது. பரிவுக்கும் கைத்திறன் வேண்டும். தற்கொலைத் தடுப்பு ஆய்வாளர் பிரையன் மிஷாரா குழுவினர் அமெரிக்காவில் 14 உதவி மையங்களுக்கு வந்த 2,611 அழைப்புகளைப் பேச்சில் குறுக்கிடாமல் உடன் கேட்டு, 2007-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அழைத்தவர்களின் நிலை மேம்பட்டதோடு தொடர்புடையவையாகத் தெரிந்தவை பரிவு, மரியாதை, இருவரும் சேர்ந்து வழி தேடுவது ஆகியவை. பயிற்சிகளில் பெரிதாகச் சொல்லப்படும் 'கவனித்துக் கேட்கும் உத்தி', அதாவது சொன்னதையே வேறு வார்த்தையில் திருப்பிச் சொல்வது, தனியாக அப்படித் தொடர்பு காட்டவில்லை. "நீங்க சோகமா இருக்கீங்கன்னு புரியுது" என்பதை மூன்று தடவை கேட்டு எரிச்சலடைந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

இரண்டு பதில்களை ஒப்பிட்டால் வித்தியாசம் விளங்கும். ஒருவர், "பிள்ளைங்க முகத்தை நினைச்சுப் பாருங்க, எல்லாம் சரியாயிடும்" என்கிறார். கேட்பவருக்கு ஏற்கெனவே இருக்கும் குற்றவுணர்ச்சியில் இன்னொரு பிடி சேர்கிறது; சரியாகும் என்று இவருக்கு எப்படித் தெரியும் என்ற கேள்வியும் எழுகிறது. இன்னொருவர், "மூணு மாசமா யார்கிட்டயும் சொல்லாம நீங்களே தூக்கிச் சுமந்திருக்கீங்க. இன்னிக்கு ராத்திரி எது தாங்க முடியாம போச்சு?" என்கிறார். முதல் வாக்கியம் மரியாதை, இரண்டாவது வாக்கியம் வேலை. அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தவுடன், மலைபோல் நின்ற துயரம் பேசக்கூடிய ஒரு விஷயமாகச் சுருங்குகிறது.

நேரடிக் கேள்வி ஒன்றும் வர வேண்டும்: "உயிரை விட்டுடலாம்னு தோணுதா?" இப்படிக் கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். ஆய்வுகள் அந்தப் பயத்தை ஆதரிக்கவில்லை. வாய்விட்டுச் சொல்ல இடம் கிடைத்ததே பலருக்கு ஆறுதல். மேலே சொன்ன ஆய்விலும் பல அழைப்புகளில் இந்தக் கேள்வி கேட்கப்படவே இல்லை. துயரத்தின் அடியாழத்தில் இருப்பவரிடம் இதைக் கேட்காமல் விடும் சேவைக்கு, குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், பாதி மதிப்பெண்தான் தரலாம்.

இனி அந்தக் கடைசிப் பத்து நிமிடம். உளவியலாளர் சி. ஆர். ஸ்நைடர் நம்பிக்கையை இரண்டாகப் பிரித்தார்: போக முடியும் என்ற மனத்திடம், போவதற்கு ஒரு வழி. இடிந்து கிடப்பவரிடம் மனத்திடத்தைப் பேசியே வரவழைப்பது கடினம், வழியைக் காட்டுவது எளிது. வழி தெரிந்தால் திடம் கொஞ்சம் பின்னால் வரும். கைதேர்ந்தவர்கள் இந்த வரிசையில்தான் போகிறார்கள். உளவியலாளர்கள் பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் இருவரும் உருவாக்கிய 'பாதுகாப்புத் திட்டம்' இதற்கு நல்ல கருவி. ஒரே தாளில் ஆறு படிகள். நிலைமை மோசமாகிறது என்று காட்டும் அறிகுறிகள் முதலில். அடுத்து, யார் துணையும் இல்லாமல் தானே செய்யக்கூடியவை. மனத்தைத் திருப்பும் ஆட்களும் இடங்களும். வெளிப்படையாக உதவி கேட்கக்கூடியவர்கள். மருத்துவர், உதவி எண் போன்ற தொழில்முறைத் துணை. கடைசியாக, ஆபத்தான பொருள்களை எட்டாத தூரத்துக்கு அப்புறப்படுத்துவது. இந்த ஆறாவது படியை வெட்கப்பட்டு விட்டுவிடக் கூடாது. உயிரை விடும் வேகம் பலருக்குச் சிறிது நேரம் பொங்கித் தணிவது. அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே காப்பாற்றும்.

திட்டம் அழைத்தவரின் சொந்த வார்த்தைகளில் இருக்க வேண்டும். "நடைப்பயிற்சி செய்யவும்" என்று எழுதிய தாள் அலமாரியில் கிடக்கும். "மொட்டைமாடிக்குப் போய்ச் செடிக்குத் தண்ணி ஊத்துவேன்" என்று எழுதினால் நடக்கும். அழைத்தவர் சொல்லச் சொல்ல அவரையே எழுதச் சொல்லி, "இதுல எதைச் செய்யறது கஷ்டம்?" என்று கேட்டு அதையும் மாற்றித் தருபவர் வாய்த்தால் அந்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

குறைகளில் முதலாவது காத்திருப்பு. அழைப்புகள் குவியும் நேரத்தில் பல நிமிடம் ஆகலாம். நொந்துபோன மனத்துக்கு அது 'என்னை யாருக்கும் வேண்டாம்' என்பதுபோல் படும். காரணம் ஆள் பற்றாக்குறைதான். அதனால் ஒரு எண்ணோடு நிற்காமல் இரண்டைச் சேமித்துவைப்பது நல்லது. இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, சிங்கப்பூரில் 1767, பிரிட்டனில் 116 123, ஆஸ்திரேலியாவில் 13 11 14, அமெரிக்காவில் 988. நன்றாக இருக்கும்போதே ஒருமுறை அழைத்து, நம் மொழியில் பேசுகிறார்களா என்று பார்த்துவிடலாம். அவசரத்தில் தேடுவதைவிட அது எவ்வளவோ மேல்.

இரண்டாவது, ரகசியம். உயிருக்கு உடனடி ஆபத்து என்று தோன்றினால் சில சேவைகள் அழைத்தவரின் சம்மதம் இல்லாமலும் அவசர உதவிக்குத் தகவல் தரும். சில, சம்மதம் இருந்தால் மட்டுமே தரும். ஆரம்பத்திலேயே "எப்போ வெளியே சொல்லுவீங்க?" என்று கேட்பதில் தவறே இல்லை. நேரடியாகப் பதில் சொல்பவர்களை நம்பலாம். வீட்டில் ஒரே போனைப் பலர் பயன்படுத்தினால், அழைப்புப் பட்டியலில் எண் தெரியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

எழுத்துவழி அரட்டைச் சேவை, சத்தமாகப் பேச முடியாத வீடுகளில் இருப்பவர்களுக்கு வரம். ஆனால் பதில் மெதுவாக வரும். இணையம் அறுந்தால் சில தளங்களில் மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். முக்கியமானதை முதல் இரண்டு வரியிலேயே எழுதிவிடுவது நல்லது.

பெரும்பாலான சேவைகள் தோற்பது பின்தொடர்வதில். அழைப்பு முடிந்தால் கதை முடிந்தது. ஜெரோம் மோட்டோ என்ற மனநல மருத்துவர் சான் ஃபிரான்சிஸ்கோவில் செய்த சோதனையைப் பார்த்தால் இது எவ்வளவு பெரிய இழப்பு என்று புரியும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பி, தொடர்சிகிச்சை வேண்டாம் என்ற 843 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு மட்டும் ஐந்து ஆண்டுகளில் 24 கடிதங்கள் அனுப்பினார்: முதல் நான்கு மாதம் மாதம் ஒன்று, அடுத்த எட்டு மாதம் இரண்டு மாதத்துக்கு ஒன்று, அதன்பின் நான்கு ஆண்டுகள் மூன்று மாதத்துக்கு ஒன்று. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுதத் தோன்றினால் எழுதுங்கள் என்ற அளவில் சில வரிகள்தான். அறிவுரை இல்லை, வரச்சொல்லிக் கட்டாயம் இல்லை. கடிதம் பெற்றவர்களிடையே தற்கொலை, குறிப்பாக முதல் இரண்டு ஆண்டுகளில், குறைவாக இருந்தது. ஆகவே, அடுத்த நாள் திரும்ப அழைத்து விசாரிக்கும் வசதி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால் எந்த எண்ணுக்கு, எத்தனை மணிக்கு, யார் எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள்.

வேறொருவருக்காகவும் அழைக்கலாம். நண்பரிடம் எப்படிப் பேச்செடுப்பது என்று அவர்களோடு ஒத்திகை பார்த்துக்கொள்ளவும் செய்யலாம். ஆனால் அவர் ஏற்கெனவே தன்னைக் காயப்படுத்திக்கொண்டிருந்தால், அல்லது இப்போதே செய்யப்போகிறார் என்றால், உதவி எண்ணில் காத்திருக்காமல் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, அது வரும்வரை அவர் பக்கத்திலேயே இருங்கள்.