இறால் ஏற்றுமதியில் தடமறிதல் தரவு: எக்செல், இடிஐ, இபிசிஐஎஸ் ஆகியவற்றுள் எது?

தூத்துக்குடியில் வன்னாமி இறாலைப் பதப்படுத்தி அமெரிக்காவுக்கு அனுப்பும் ஆலை ஒன்றில் ஏற்றுமதி ஆவணங்களும் தடமறிதல் பதிவுகளும் என் பொறுப்பில் உள்ளன. பண்ணைக் குளத்தில் தொடங்கி கன்டெய்னர் வரையிலான விவரங்களை, வாங்குபவர்களின் கணினி அமைப்புகளுக்கு எந்த வடிவில் தருவது என்பதைத் தீர்மானிக்க வேண்டியிருந்தது. எக்செல் அட்டவணை, நிறுவனங்களின் கணினிகள் வணிக ஆவணங்களை நிலையான வடிவில் பரிமாறும் இடிஐ, பார்கோடு எண்களை வகுக்கும் ஜிஎஸ்1 அமைப்பின் நிகழ்வுப் பதிவுத் தரமான இபிசிஐஎஸ் ஆகிய மூன்றையும் பயன்படுத்திப் பார்த்துவிட்டு இபிசிஐஎஸ்ஸைத் தேர்ந்தெடுத்தோம். எனவே இது நடுநிலையான ஒப்பீடு அன்று.

இந்தத் தேர்வை அவசரமாக்கியது, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2022 நவம்பரில் வெளியிட்ட தடமறிதல் விதி. அதன் உணவுப் பட்டியலில் இறாலும் நண்டும் அடங்கும். நோய்ப்பரவல் போன்ற நெருக்கடியில் கேட்கப்பட்டால், 24 மணி நேரத்துக்குள் பதிவுகளை வரிசைப்படுத்தத்தக்க மின்னணு அட்டவணையாகத் தர வேண்டும். வளர்ப்பு இறால் என்றால் எந்தக் குளத்தில் பிடிக்கப்பட்டது என்பதும் அறுவடைப் பதிவில் இருக்க வேண்டும். 2026 ஜனவரி 20 என்றிருந்த கெடு 2028 ஜூலைக்குத் தள்ளிப்போன பிறகும், எங்களிடம் வாங்குபவர்கள் தங்கள் கோரிக்கையைத் தள்ளிப்போடவில்லை.

எக்செல்லைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. செலவில்லை, பயிற்சி வேண்டாம், யாருக்கும் புரியும். மாதத்துக்கு இரண்டு மூன்று கன்டெய்னர் மட்டும் ஒரே வாங்குபவருக்கு அனுப்பும் ஆலைக்கு இன்றும் அதுவே போதும். ஆனால் ஒவ்வொரு வாங்குபவரும் தமக்கென ஒரு படிவத்தை அனுப்பி அதில்தான் நிரப்பித் தர வேண்டும் என்று கேட்கத் தொடங்கும்போது, ஒரே லாட்டின், அதாவது ஒரே எண்ணிட்ட தொகுதியின், விவரத்தை நான்கு விதமாகத் தட்டச்சு செய்ய நேர்கிறது.

இடிஐ பழுத்த அனுபவம் உள்ள வழி. ஐக்கிய நாடுகளின் எடிஃபாக்ட் என்ற இடிஐ வகையின் தொடரியல் 1987இலேயே ஐஎஸ்ஓ தரமாக ஏற்கப்பட்டது. அமெரிக்கப் பெருவணிகக் கடைகள் எக்ஸ்12 என்ற அமெரிக்க இடிஐ தொகுப்பின் 856ஆம் செய்தியை, அதாவது சரக்கு வருவதற்கு முன்னரே அனுப்பப்படும் அனுப்புகை அறிவிப்பை, நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. எந்தப் பேலட்டில் (பெட்டிகளை அடுக்கும் தட்டில்) எத்தனை அட்டைப்பெட்டி, அந்தச் சரக்குப் பொதியை அடையாளம் காட்டும் 18 இலக்க எஸ்எஸ்சிசி எண் என்ன, எந்த லாட் என்பதையெல்லாம் அது பிழையின்றிச் சொல்லும். ஆலைக்குள் நடந்ததைச் சொல்வது அதன் வேலையன்று. மூன்று குளங்களின் இறால் ஒரே நாளில் வந்து, தலை நீக்கி, கவுண்ட் (ஒரு பவுண்டு எடையில் எத்தனை இறால்) வாரியாகத் தரம் பிரித்து, 31/40 ஒரு லாட்டாகவும் 41/50 வேறொரு லாட்டாகவும் மாறுகிறதே, அந்த இடைநிலையை அனுப்புகை அறிவிப்பில் வைக்க இயல்பான இடமே கிடையாது.

இபிசிஐஎஸ் இதற்கு நேர்மாறாக, நிகழ்வுகளிலிருந்து தொடங்குகிறது. 2007இல் முதற்பதிப்பாக வந்த இத்தரத்தில் ஒவ்வொரு பதிவும் என்ன, எப்போது, எங்கே, எதற்காக என்ற நான்குக்கும் விடை தருகிறது. 2014இல் வந்த 1.1 பதிப்பு சேர்த்த உருமாற்ற நிகழ்வுதான் எங்களுக்கு உயிர்நாடி: உள்ளே போன மூன்று குளங்களின் லாட்டுகளும் வெளியே வந்த இரண்டு லாட்டுகளும் ஒரே பதிவில் நிற்கும். 2022இன் 2.0 பதிப்பு ஜேசன் என்ற தரவு வடிவத்தையும் வெப்பநிலை போன்ற உணரி (சென்சார்) தரவையும் ஏற்கிறது. கடல் உணவுத் துறைக்கான ஜிடிஎஸ்டி தரமும் இதன் மேல் கட்டப்பட்டதே என்பதால், புதிதாக வரும் வாங்குபவரிடம் முதலிலிருந்து விளக்க வேண்டிய நிலை குறைகிறது.

இவ்வளவும் இருந்தும் எங்கள் முடிவைத் தீர்மானித்தது வேறொன்று: அனுப்பிவிட்ட தரவில் தவறு தெரிய வந்தால் என்ன செய்வது என்பது. ஒருமுறை பண்ணையின் கையெழுத்துச் சீட்டில் இருந்த 7ஆம் குளத்தை எங்கள் பணியாளர் 1ஆம் குளம் என்று பதிந்துவிட்டார். கன்டெய்னர் கடலில் இருக்கும்போதுதான் அதைக் கண்டுபிடித்தோம். எக்செல் காலத்தில் இப்படி நேர்ந்தபோது திருத்திய கோப்பை மின்னஞ்சலில் அனுப்பினோம். ஆறு மாதம் கழித்து வந்த தணிக்கையில் வாங்குபவரிடம் பழைய கோப்பும் எங்களிடம் புதிய கோப்பும் இருந்தன. இரண்டில் எது சரி என்பதை நிறுவ மூன்று நாள்கள் ஆயின. எடிஃபாக்ட்டில் மாற்றுச் செய்திக்கென 5 என்ற குறியீடு உண்டு. ஆயினும் அது ஆவணம் முழுவதையும் மாற்றுகிறது. நாங்கள் பணியாற்றிய ஒரு வாங்குபவரின் அமைப்போ, சரக்கு வரவு வைக்கப்பட்ட பின் எந்த மாற்றுச் செய்தியையும் ஏற்கவில்லை.

இபிசிஐஎஸ்ஸின் 1.2 பதிப்பு இதற்கென்றே பிழை அறிவிப்பைக் கொண்டுவந்தது. தவறான நிகழ்வு அழிக்கப்படுவதில்லை. அதே நிகழ்வு, எப்போது தவறு என்று அறிவிக்கப்பட்டது, நிகழவே இல்லையா அல்லது தரவு மட்டும் தவறா, சரியான நிகழ்வின் அடையாளம் எது என்ற குறிப்புகளோடு மீண்டும் பதியப்படுகிறது. குளத்தின் எண் தவறிய அந்த லாட்டுக்கு இன்று யார் வினவினாலும் பழையதும் திருத்தமும் சேர்ந்தே கிடைக்கும். உணவுப் பாதுகாப்பில் திருத்தத்தை மறைக்காமல் வைத்திருப்பதே நம்பகத்தன்மை என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். ஒரு எச்சரிக்கை: நிகழ்வு அடையாள எண் இத்தரத்தில் கட்டாயமில்லை. அதை முதல் நாளிலிருந்தே இடாவிட்டால் பின்னர் எந்த நிகழ்வு எதைத் திருத்துகிறது என்று சுட்ட வழியிருக்காது. முதல் சில வாரங்களில் நாங்கள் இடவில்லை. அந்தப் பதிவுகள் இன்றும் அரைகுறையாகவே உள்ளன.

சுமையும் உண்டு. ஒவ்வொரு இடத்துக்கும் 13 இலக்க ஜிஎல்என் எண், ஒவ்வொரு பொருளுக்கும் ஜிடிஐஎன் எண் வேண்டும். ஆண்டுக் கட்டணம் கட்ட வேண்டும். புதுப் பொதி அளவு வந்தால் அன்றே பட்டியலில் சேர்க்க வேண்டும். பண்ணைப் பெயர்கள் வெளியே தெரிந்தால் வாங்குபவர் நேரடியாகப் பண்ணைக்குப் போய்விடுவாரோ என்ற தயக்கம் எங்கள் தொழிலில் நியாயமானது. யாருக்கு எதைக் காட்டுவது என்பதை இத்தரம் நிறுவுபவரிடமே விட்டிருப்பதால், அந்த அனுமதி விதிகளை நாங்களே எழுதினோம்.

பலர் பகிரும், எளிதில் மாற்ற முடியாத பதிவேடான பிளாக்செயினை நாங்கள் முயலவில்லை. மேர்ஸ்க் கப்பல் நிறுவனமும் ஐபிஎம்மும் நடத்திய டிரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் சரக்குத் தளத்தை மூடுவதாக 2022 நவம்பரில் அறிவித்தது, தனியொரு தளத்தைச் சார்ந்திருக்க எங்களைத் தயங்க வைத்தது.

இரண்டு பருவங்களும் மூன்று வாங்குபவர்களும்தான் என் அனுபவம்; உணரித் தரவைச் சோதனையாக மட்டுமே அனுப்பியிருக்கிறேன். கேட்கும் கடைக்கு இடிஐ அறிவிப்பை இன்றும் அனுப்புகிறோம், ஆனால் அதுவும் நிகழ்வுப் பதிவிலிருந்தே உருவாகிறது. 24 மணி நேர அட்டவணையும் அப்படியே. பண்ணை முனையில் மட்டும் இன்னும் கையெழுத்துச் சீட்டே வருகிறது. அடுத்த அறுவடையில் ஐந்து பண்ணைகளில் குளத்தருகே பார்கோடு பலகை வைத்து, கைபேசியிலேயே பதியச் செய்யவிருக்கிறோம்.