கத்தியில் ‘440சி’, சான்றிதழில் ‘304’: துருச் சோதனைச் சீட்டைக் காட்டி விற்பவர்களிடம் கவனம்

கத்தி வாங்கும்போது “சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட் பாஸ்” (உப்புநீரைத் தெளித்துத் துரு வருகிறதா என்று பார்க்கும் சோதனையில் தேறியது) என்று ஒரு சீட்டைக் காட்டினால், முடிவைப் படிப்பதற்கு முன் எந்தப் பொருளைச் சோதித்தார்கள் என்ற வரியைப் படியுங்கள். எனக்கு வந்த சீட்டில் சோதிக்கப்பட்டது கத்தியே இல்லை.

நனைந்த கயிறும் ஈர அட்டையும் அறுக்கிற வேலை என்னுடையது. துடைத்து எண்ணெய் போட்டுப் பாதுகாக்கிற கத்தி எனக்குச் சரிப்படாது. அதனால் துருப்பிடிக்காத அலகு என்பதை மட்டும் பார்த்து, இணையத்தில் ஒரு மடக்குக் கத்தி வாங்கினேன். அலகில் லேசரில் பொறித்த ‘440சி’ (கத்திக்குப் பயன்படும் ஒரு துருப்பிடிக்காத எஃகு வகை), உப்புநீரில் கத்தி ஊறுகிற ஒரு வீடியோ, மேலே சொன்ன சான்றிதழ் என்று விளம்பரம் பலமாகவே இருந்தது. புகார் இன்னும் நடப்பதால் விற்றவர் பெயரைப் போடவில்லை.

கூர் அருமையாக நின்றது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் சில வாரத்திலேயே துரு தலைகாட்டியது, அதுவும் அந்த ‘440சி’ எழுத்துகளுக்கு உள்ளேயே. முதல் 4-இன் பள்ளத்தில் காவி நிறத்தில் ஒரு கோடு. பிறகு திருகாணிப் பக்கம். அப்புறம் வாய் நெடுக, சாணை பிடித்த கோடுகளை ஒட்டிப் பொடிப்பொடியாகப் புள்ளிகள். துணியில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் நிறம் போகிறது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் புள்ளி இருந்த இடத்தில் குழி தெரிகிறது. நீரில் இருக்கும் இரும்புக் கறையாக இருந்தால் குழி விழாது. இது அலகையே தின்ற துரு.

விற்றவரிடம் படம் அனுப்பினேன். வந்த பதில்: “சார், லேசர் மார்க்கிங் பண்ற இடத்துல லேசா வரத்தான் செய்யும். ஒரிஜினல் 440சி-தான். வேணும்னா காந்தம் வச்சுப் பாருங்க, ஒட்டும்.”

லேசர் விஷயம் பாதி உண்மை. ஸ்டெயின்லெஸ்ஸைக் காப்பாற்றுவது மேற்பரப்பில் குரோமியம் உண்டாக்கும், சில நானோமீட்டர் தடிமனே உள்ள ஆக்சைடு படலம். லேசர் சூடு பட்ட இடத்தில் அது கெட்டுப்போகும், துருவும் முதலில் அங்கே வரலாம். அப்படியானால் வாயில் ஏன் வந்தது? அங்கே லேசர் படவே இல்லையே.

காந்தக் கதை இன்னும் வேடிக்கை. பதம் போட்டுக் கடினமாக்குகிற கத்தி எஃகு எல்லாவற்றிலும் காந்தம் ஒட்டும். ஸ்டெயின்லெஸ் அல்லாத பழைய கார்பன் எஃகிலும் ஒட்டும், ஆணியிலும் ஒட்டும். “ஒட்டாவிட்டால்தான் நல்ல ஸ்டெயின்லெஸ்” என்று எதிர்ப்பக்கம் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். அது பாத்திர வகை எஃகுக்கு ஓரளவு பொருந்தும், கத்திக்குப் பொருந்தாது. துருவைப் பற்றிக் காந்தம் எதையும் சொல்லாது.

அடுத்து சான்றிதழை நீட்டினார். விளம்பரத்தில் மங்கலாக இருந்ததை இப்போது பெரிதாக்கிப் படிக்க முடிந்தது. சோதனை முறை ஏஎஸ்டிஎம் பி117: 5 சதவீத உப்புக்கரைசல், 35 டிகிரி செல்சியஸ், மூடிய பெட்டிக்குள் பனிபோல் தெளிப்பது. முறை சரிதான். ஆனால் மாதிரி என்ற கட்டத்தில் “எஸ்எஸ் 304 தகடு, மெருகிட்டது” என்றிருந்தது. 304 என்பது பாத்திர வகை எஃகு; அதில் சுமார் 18 சதவீதம் குரோமியம், 8 சதவீதம் நிக்கல். எவ்வளவு சூடேற்றிக் குளிர்வித்தாலும் அது பதம் ஏறாது, அதில் கூர் நிற்கிற அலகு செய்ய முடியாது. ஏதோ ஒரு கிளிப்புக்கோ கைப்பிடித் தகட்டுக்கோ எடுத்த சீட்டாக இருக்கலாம். என் அலகோ மணல் வீசிச் சாம்பல் நிறத்தில் சொரசொரப்பாக்கியது. ஒரே எஃகாக இருந்தாலும் மெருகிட்ட பரப்பைவிட இந்தச் சொரசொரப்பில் உப்பும் ஈரமும் தங்கிச் சீக்கிரம் துருவேறும். ஆக, பொருளும் வேறு, பரப்பும் வேறு.

அந்தப் பெட்டிச் சோதனையைப் பற்றி இன்னொன்று. அதில் இத்தனை மணி நேரம் தாங்கியது என்றால் வெளியே இத்தனை வருடம் தாங்கும் என்று கணக்குப் போட முடியாது. ஒரே நிலையில் வைத்த பொருட்களை ஒன்றோடொன்று ஒப்பிடவும், தயாரிப்பில் தரம் பிசகுகிறதா என்று பார்க்கவும்தான் அது. எத்தனை புள்ளி வந்தால் தோல்வி என்ற அளவுகோலையும் அந்த முறை சொல்வதில்லை. சோதிக்கச் சொல்பவர்தான் அதை முடிவு செய்கிறார். என் சீட்டில் அந்த அளவுகோலும் இல்லை, “திருப்தி” என்று ஒரு சொல் மட்டும்.

வீடியோவின் சூட்சுமம் அசிட்டோனில் தெரிந்தது. பஞ்சில் தொட்டு, அலகில் அதிகம் புழங்காத மேல்பகுதியைத் தேய்த்தேன். மெல்லிய, பிசுபிசுப்பான ஒரு படலம் சுருண்டு வந்தது. நிறமில்லாத லாக்கர் பூச்சு. அது இருக்கும்வரை சாதாரண இரும்பைக்கூட உப்புநீரில் போட்டு வீடியோ எடுக்கலாம்.

பிறகு நானே சோதித்தேன். தனியாக ஒரு கத்தியை உப்புநீரில் போட்டுப் பார்ப்பதில் பயனில்லை. பக்கத்தில் ஒப்பிட ஆள் வேண்டும். கட்டாயம் துருப்பிடிக்க வேண்டிய ஒரு கார்பன் எஃகு அலகையும், வெகுகாலம் ஈரத்தில் கிடந்தும் துருவேறாத 1.4116 வகை அலகு ஒன்றையும் (சுமார் 15 சதவீதம் குரோமியம், அரை சதவீதம் கார்பன்) எடுத்துக்கொண்டேன். மூன்றின் ஒரு பக்கத்தையும் புதிய உப்புத்தாளில், ஒரே நம்பர், ஒரே திசையில் தேய்த்தேன். ஏற்கனவே இரும்பு தேய்த்த தாள் கூடாது. இரும்புத் துகள் அலகில் ஒட்டிக்கொண்டு அதுவே துருவாகிப் பொய்க்கணக்குக் காட்டும். ஸ்டீல் உல்லும் அதே காரணத்தால் ஆகாது. சோப்பு, பிறகு ஸ்பிரிட், அதற்குப் பிறகு விரல் படவில்லை. ஒரு லிட்டர் நீருக்கு 50 கிராம் உப்பு போட்ட கரைசலில் டிஷ்யூ நனைத்து, மூன்றிலும் பாதி நீளத்துக்குச் சுற்றி, காயாதபடி மூடிய டப்பாவில் வைத்தேன்.

கார்பன் எஃகு வைத்த டிஷ்யூ சீக்கிரமே ஆரஞ்சு நிறமானது. விடிந்து பார்த்தபோது என் ‘440சி’ டிஷ்யூவிலும் காவித் திட்டுகள், அடியில் அதே குழிகள். 1.4116 சுத்தம்.

இதை மட்டும் வைத்து “இது 440சி இல்லை” என்று அடித்துச் சொல்ல முடியாது என்பதும் நியாயம்தான். அசல் 440சி-யும் உப்பில் ஊறினால் புள்ளி காட்டலாம். அதை 500 டிகிரி வாக்கில் சூடேற்றிப் பதம் தணித்திருந்தால் குரோமியம் கார்பனோடு சேர்ந்து கார்பைடாகப் பிரிந்து, துரு தாங்கும் சக்தி வெகுவாகக் குறையும். அதனால் எக்ஸ்-கதிர் வைத்து உலோகக் கலவையை அளக்கும் எக்ஸ்ஆர்எஃப் கருவி உள்ள ஒரு பரிசோதனைக் கூடத்தில் காட்டினேன். குரோமியம் 12-ஐக்கூடத் தொடவில்லை. 440சி-க்கு 16 முதல் 18 இருக்க வேண்டும். கூடவே வனேடியம் முக்கால் சதவீதத்துக்கு மேல். 440சி-யில் வனேடியம் சேர்ப்பதே இல்லை. இந்தக் கருவி கார்பனைக் காட்டாது, அதற்கு ஸ்பார்க் வைத்து, அதன் ஒளியில் கலவையைப் பார்க்கும் ஓஇஎஸ் கருவி வேண்டும். ஆனாலும் கிடைத்த கலவையைப் பார்த்த கூடத்துக்காரர், “இது டி2 மாதிரி இருக்குங்க” என்றார்.

கூர் ஏன் அப்படி நின்றது என்பதும் அப்போதுதான் புரிந்தது. டி2 மட்டமான எஃகு இல்லை, அச்சுக்கும் வெட்டுக் கருவிக்கும் பேர்போனது. அதில் குரோமியம் 11 முதல் 13 சதவீதம். ஸ்டெயின்லெஸ் என்று சொல்லக் குறைந்தது 10.5 வேண்டும் என்கிற கணக்கில் அது தேறிவிடும் போலத் தோன்றும். ஆனால் டி2-வில் கார்பன் ஒன்றரை சதவீதம். அந்தக் கார்பன் குரோமியத்தில் பெரும்பங்கைப் பிடித்துக் கார்பைடாக வைத்துக்கொள்கிறது. எஃகில் கரைந்து நிற்கிற மிச்சக் குரோமியம்தான் படலம் கட்டும், அது போதவில்லை. டி2 என்று சொல்லி விற்றிருந்தால் எண்ணெய் போட்டு வைப்பவர்கள் சந்தோஷமாக வாங்கியிருப்பார்கள். ஈரத்தில் வேலை செய்கிறவனிடம் துருப்பிடிக்காது என்று சொல்லி விற்றதுதான் மோசடி.

நடுவில் சிலர் மயில்துத்தக் (காப்பர் சல்பேட்) கரைசல் ஒரு சொட்டு விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். செம்பு படிந்தால் போலி என்பது அவர்கள் வாதம். அது மேற்பரப்பில் ஒட்டியிருக்கும் இரும்பைக் கண்டுபிடிக்கிற சோதனை. கத்திகளுக்குப் பயன்படும், பதம் ஏறுகிற மார்ட்டென்சிட்டிக் வகை ஸ்டெயின்லெஸ்ஸில் நல்ல அலகிலும் செம்பு படியும், அதனால் ஏஎஸ்டிஎம் ஏ967 தரக்குறிப்பே இந்த வகைக்கு அதைப் பரிந்துரைப்பதில்லை. விட்டுவிடுங்கள்.

கூடத்து அறிக்கையை அனுப்பியதும் விற்றவரின் தொனி மாறியது. “நீங்க உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சுட்டீங்க சார், இனிமே வாரண்டி கிடையாது.” எக்ஸ்ஆர்எஃப் அலகில் ஒரு கீறலும் போடாது, தேய்க்காத பக்கத்திலும் அதே கலவைதான் வந்தது என்று எழுதினேன். அதற்குப் பதில் இல்லை. இதே கதி உங்களுக்கு வந்தால், எதையும் தேய்ப்பதற்கு முன் இரண்டு பக்கமும் நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்துவிடுங்கள். பூச்சு, துரு, பொறித்த எழுத்து மூன்றும் படத்தில் விழட்டும். புகாரை எழுத்தில் கொடுத்துவிட்டு, கலவைச் சோதனையை முதலில் செய்யுங்கள். உப்புநீர்ச் சோதனை அலகைக் கெடுக்கும் என்பதால் அது கடைசியில் இருக்கட்டும்.

விற்பனைத் தளத்தில் அறிக்கையோடு புகார் பதிந்திருக்கிறேன். இதற்குள் விளம்பரத்தில் ‘440சி’ போய் ‘ஹை கார்பன் ஸ்டெயின்லெஸ்’ என்று ஆகியிருக்கிறது. சான்றிதழ் படம் மட்டும் அப்படியே இருக்கிறது, மாதிரிக் கட்டத்தை வெட்டிவிட்டு.