சங்கம் உண்டு, வேலைநிறுத்தம் உண்டா? விடை தேட உதவும் ‘கான்ஸ்டிடியூட்’

தொழிற்சங்க உறுப்பினர்களுக்கு வகுப்பு எடுக்கும்போது தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: “சங்கம் அமைப்பது அடிப்படை உரிமை என்றால் வேலைநிறுத்தமும் அதில் அடக்கம்தானே, தோழர்?” இதை விளக்க எனக்கு மிகவும் கைகொடுப்பது கான்ஸ்டிடியூட் இணையதளம். 2013-இல் தொடங்கப்பட்ட இத்தளம், உலக நாடுகளின் அரசமைப்புச் சட்டங்களைத் திரட்டி இலவசமாகத் தருகிறது.

தலைப்புவாரித் தேடல்தான் இதன் உயிர்நாடி. வேலைநிறுத்த உரிமை என்ற தலைப்பைத் தேர்ந்தெடுத்தால், அதைப் பேசும் பிரிவுகள் நாடுவாரியாக வந்து நிற்கின்றன. இரண்டு நாடுகளை அருகருகே வைத்தும் படிக்கலாம். நான் எப்போதும் காட்டுவது தென்னாப்பிரிக்காவையும் இந்தியாவையும்தான். தென்னாப்பிரிக்காவின் 23-ஆம் பிரிவு, சங்கம் அமைக்கவும் சேரவும், அதன் பணிகளில் ஈடுபடவும், வேலைநிறுத்தம் செய்யவும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் உரிமை உண்டு என்று அடுக்கிச் சொல்கிறது. கூட்டுபேர உரிமைக்கு, அதாவது ஊதியம் போன்றவற்றை நிர்வாகத்துடன் சங்கமாகப் பேசி முடிவுசெய்யும் உரிமைக்கு, தனி உட்பிரிவே இருக்கிறது. நம் அரசமைப்பின் 19(1)(சி) பிரிவு சங்கம் அமைக்கும் உரிமையோடு நின்றுவிடுகிறது. பேரமும் இல்லை, வேலைநிறுத்தமும் இல்லை. ஒரு மணி நேரம் பேசிப் புரியவைக்க வேண்டியதைத் திரை ஒரு நொடியில் காட்டிவிடுகிறது.

ஆனால் இதை மட்டும் நம்பி வகுப்பெடுக்கக் கூடாது. இங்கே கிடைப்பது சட்ட வாசகம். தீர்ப்புகளை வேறு இடத்தில்தான் தேட வேண்டும். ஜப்பானின் 28-ஆவது பிரிவைப் பாருங்கள். அமைப்பாகத் திரளவும், கூட்டாகப் பேரம் பேசவும், கூட்டாகச் செயல்படவும் தொழிலாளர்களுக்கு உரிமை உண்டு என்று ஒரே வாக்கியத்தில் உறுதியளிக்கிறது. படித்தால் நெஞ்சு நிமிர்கிறது. ஆனால் அரசு ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய அங்கே சட்டப்படி தடை இருக்கிறது. 1973-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை ஏற்றுக்கொண்டது.

நம் நாட்டுக் கதைக்கும் தீர்ப்புகள் தேவை. சங்கம் அமைக்கும் உரிமைக்குள் வேலைநிறுத்த உரிமை அடங்காது என்று 1961-இலேயே வங்கி ஊழியர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2003-இல் தமிழ்நாட்டு அரசு ஊழியர்கள் வழக்கில், அவர்களுக்கு வேலைநிறுத்தம் செய்யும் அடிப்படை உரிமை கிடையாது என்றது. அப்போது வேலைநிறுத்தம் செய்ததற்காக வேலையிழந்த லட்சத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் பட்ட பாட்டை நினைத்தால் இன்றும் மனம் கொதிக்கிறது. அடிப்படை உரிமையாக இல்லாததால்தான் சாதாரணச் சட்டம் ஒன்றாலேயே இதைச் சுருக்க முடிகிறது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த 14 நாள் முன்னறிவிப்பு நிபந்தனையை, 2020-ஆம் ஆண்டின் தொழில் உறவுச் சட்டத் தொகுப்பு எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும் விரித்தது அப்படித்தான்.

தளம் ஆங்கிலம், ஸ்பானிஷ், அரபு மொழிகளில் இருக்கிறது. அதனால் தேவையான பிரிவுகளை நானே தமிழில் எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அது தொடர்பான தீர்ப்பைச் சேர்த்து, அச்சிட்டுக் கொடுக்கிறேன். வகுப்பெடுக்கும் தோழர்கள் அனைவருக்கும் இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். முதலில் 23-ஆம் பிரிவையும் 19-ஐயும் அருகருகே திறந்து படியுங்கள்.