வின்னிபெக் குளிரில் லாரி எஞ்சின்: பிளாக் ஹீட்டரா, டீசல் ஹீட்டரா, அணைக்காமல் விடுவதா?

கனடாவில் வின்னிபெக், எட்மண்டன் பக்கம் ஜனவரியில் மைனஸ் 30 டிகிரி என்பது புதுசில்லை. ராத்திரி முழுக்க வெளியே நின்ற லாரியில் எஞ்சின் ஆயில் கெட்டியாகிவிடும், பேட்டரியில் பாதி பலம் மிஞ்சினாலே அதிகம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக்கும் கிடையாது. காற்றை அழுத்திக் கிடைக்கும் சூட்டில்தான் டீசல் பற்ற வேண்டும். குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டை முதலில் உறிஞ்சிக்கொள்ளும்.

எஞ்சினை அணைக்காமலே விடுவது பழைய வழக்கம். பெரிய லாரி சும்மா நின்றாலே மணிக்குச் சுமார் 3 லிட்டர் குடிக்கும். செலவை விடுங்கள், சுமையில்லாமல் ஓடும் எஞ்சின் சரியாகச் சூடேறுவதும் இல்லை. அரைகுறையாக எரிந்த டீசலின் கரி போய் புகைக்குழாய் ஃபில்டரை அடைக்கும். வேறு வழியே இல்லாத இடத்துக்கு மட்டும் சரி.

பிளாக் ஹீட்டர்தான் மலிவு. அமெரிக்காவின் நார்த் டகோட்டாக்காரர் ஆண்ட்ரூ ஃப்ரீமன் 1940களில் உருவாக்கியது. எஞ்சினுக்குள் ஓடும் கூலன்ட் திரவத்தில் இருக்கும் மின்கம்பி அதைச் சூடாக்கும். (வண்டியின் முன்பக்க கிரில்லில் தொங்கும் ஹீட்டர் பிளக்கைப் பார்த்து, எலக்ட்ரிக் வண்டி என்று நினைத்த புதுவரவுகள் உண்டு.) ராத்திரி முழுக்கப் போட்டு வைக்கத் தேவையில்லை, டைமர் வைத்து, கிளம்புவதற்கு மூன்று, நான்கு மணி நேரம் முன்னால் ஓடினால் போதும். 1500 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும் என்பதால், மெல்லிய எக்ஸ்டென்ஷன் வயரை நம்பாதீர்கள். இதன் ஒரே குறை, பிளக் பாயின்ட் இல்லாத இடத்தில் வெறும் அலங்காரம்.

அங்கேதான் வெபாஸ்டோ, எஸ்பார் மாதிரி டீசல் ஹீட்டருக்கு மவுசு. லாரி டாங்கிலிருந்தே கொஞ்சம் டீசல் எடுத்து எரித்து, கூலன்ட்டைச் சூடாக்கிச் சுற்றவிடும். 5 கிலோவாட் ஹீட்டர் முழு வேகத்தில் எரிந்தாலும் மணிக்குச் சுமார் 0.6 லிட்டர்தான். வாங்கி மாட்ட நல்ல விலையாகும், ஃபேனும் பம்ப்பும் பேட்டரியில் ஓடுவதால் பழைய பேட்டரி காலை வாரும். கோடையிலும் அவ்வப்போது சிறிது நேரம் ஓட்டாவிட்டால் குளிர்காலத்தில் முரண்டு பிடிக்கும். மூடிய ஷெட்டுக்குள் ஓட்டவே கூடாது, கார்பன் மோனாக்சைடு விஷவாயு சேரும்.

தினமும் சொந்த யார்டுக்குத் திரும்புகிற லாரிக்கு நான் பிளாக் ஹீட்டரைத் தாண்டிச் செலவு செய்ய மாட்டேன். நெடுந்தூர லாரிக்கு இரண்டையும் மாட்டுவேன். ஆனால் இரண்டுமே டாங்கில் மெழுகாக உறையும் டீசலைக் காப்பாற்றாது. அதற்குக் குளிர்கால டீசலைத்தான் நிரப்ப வேண்டும்.